அமெரிக்காவில் படிப்பவர்கள் அமெரிக்காவையும் படிக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கப் படிப்பு பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில் கம்ப்யூட்டர் சயின்ஸ், விசா, வேலை எல்லாம் இருந்தது. மேஜர் என்ற முதன்மைப் பாடத்துடன், மைனர் என்ற துணைப் பாடம் ஒன்றும் எடுக்கலாம் என்று ஒரு வரிகூட இல்லை. அதிலும் அமெரிக்காவைப் பற்றியே படிக்கும் 'அமெரிக்கன் ஸ்டடீஸ்' என்று பிள்ளை சொன்னால், அதைப் படித்து என்ன செய்வாய் என்று கேட்பவர்கள்தான் நம்மில் அதிகம்.

வரலாறு, இலக்கியம், சட்டம், இசை, சமூகவியல் என்று பல துறைகளிலிருந்து பொதுவாக ஐந்தாறு வகுப்புகள், அவ்வளவுதான் இந்த மைனர். புதுசும் இல்லை, ஹார்வர்டில் இந்தத் துறையில் முனைவர் பட்டப் படிப்பே 1937இல் வந்துவிட்டது.

நம்மவர்கள் அங்கே வீடு பார்க்கும்போது முதலில் விசாரிப்பது நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்டா, அதாவது நல்ல பள்ளிகள் உள்ள வட்டாரமா என்றுதானே? ஒரு ஊரில் பள்ளி பிரமாதமாகவும் பக்கத்து ஊரில் சுமாராகவும் இருப்பது ஏன் என்பதை எந்த ஒரு பாடமும் தனியாக விளக்காது. நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு வயல்கள் இருந்த இடத்தில், 1947இல் தொடங்கிச் சில வருடங்களில் 17,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி லெவிட்டவுன் என்று பெயர் வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களுக்கு 1944இல் வந்த ஜி.ஐ. பில் சட்டம் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது, அதனால் கையில் பெரிய பணம் இல்லாதவர்களும் வாங்கினார்கள். ஆனால் அதே போரில் சண்டை போட்ட கறுப்பின வீரருக்கு அங்கே இடமில்லை, வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் அந்த வீடுகளைக் கட்டிய நிறுவனம் கறுப்பினத்தவருக்கு விற்கவில்லை. வீடு வாங்கியவர்களுக்குச் சொத்து சேர்ந்தது. பள்ளிச் செலவில் கணிசமான பங்கு உள்ளூர் சொத்து வரியிலிருந்து வருவதால், சொத்து சேர்ந்த ஊரின் பள்ளியும் வளர்ந்தது. இதில் சட்டம் எங்கே முடிகிறது, பொருளாதாரம் எங்கே தொடங்குகிறது, சொல்லுங்கள்.

நம்மைப் பற்றியும் இதில் இருக்கிறது. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியருக்கு, அவர் 'வெள்ளையர்' இல்லை என்று சொல்லி 1923இல் உச்ச நீதிமன்றம் குடியுரிமையை மறுத்தது. நாம் பெருமளவில் போக வழி திறந்த 1965 குடியேற்றச் சட்டம், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலத்தில் வந்தது. திறமையால் மட்டுமே போனோம் என்று பேசுகிறவர்கள் இந்த வகுப்பில் ஒரு செமஸ்டர் உட்கார வேண்டும்.

குறையும் உண்டு. சில இடங்களில் கையில் கிடைத்த வகுப்புகளைச் சேர்த்துக் கட்டி மைனர் என்கிறார்கள். தொடக்கத்தில் ஒரு அறிமுக வகுப்பும் கடைசியில் எல்லாவற்றையும் இணைக்கும் ஒரு செமினாரும் இருக்கிறதா என்று பார்த்துச் சேருவது நல்லது. அப்புறம், பட்டத்துக்குக் கட்டாயமான பொதுப் பாடங்களில் எவை மைனருக்கும் கணக்காகும் என்று அட்வைசரிடம் முதல் வருடமே கேட்டுவிட்டால், கூடுதல் கட்டணம் இல்லாமலே முடிக்க வாய்ப்பிருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்