குளிருக்கு க்ரீம் வாங்கறவங்க டப்பாவோட பின்பக்கத்தைப் படிங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல குளிர்காலத்துக்கு எந்த மாய்ஸ்சரைசர் நல்லதுன்னு ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, முழுசா படிச்சேன். ஆய்லி ஸ்கின், ட்ரை ஸ்கின்னு பிரிச்சுச் சொன்னதெல்லாம் சரிதான், ஆனா பக்கம் முழுக்க முகம் மட்டும்தான் இருக்கு, கை இல்ல, கால் இல்ல, வயசானவங்க இல்ல, குளிர்லயே நின்னு வேலை பாக்கறவங்க ஒருத்தர்கூட இல்ல. நான் குன்னூர்ல ஒரு மெடிக்கல் ஷாப்ல பார்மசிஸ்ட். கார்த்திகை கடைசியில ஆரம்பிச்சா மாசி வரைக்கும் வெடிப்பு, அரிப்பு, எரிச்சல்னு வர்றவங்கதான் எங்க கவுன்டர்ல அதிகம், அவங்களை மனசுல வெச்சுத்தான் எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

குளிர்ந்த காத்தால ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்க முடியாது. 30 டிகிரியில ஒரு கன மீட்டர் காத்து சுமார் 30 கிராம் தண்ணியைத் தாங்கும், பூஜ்ஜியம் டிகிரியில 5 கிராம்கூட தாங்காது. சென்னையில மார்கழி ராத்திரின்னா 20 டிகிரி, பக்கத்துலயே கடல், அங்க லேசா ஒரு லோஷன் போதும். இங்க அப்படி இல்லீங்க. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், மழை நின்னு வானம் வெளுத்துட்டா தலைக்குந்தா, காந்தள் பக்கமெல்லாம் விடியக்காலையில புல்லு மேல உறைபனி வெள்ளையா படிஞ்சு கிடக்கும். அந்தக் காத்து வீட்டுக்குள்ள வந்து சூடாகறப்போ இன்னும் காஞ்சு போயி நம்ம தோல்ல இருக்கற ஈரத்தை இழுக்க ஆரம்பிச்சுடும். இதுக்கு மேல வெந்நீர்க் குளியல், சோப்பு, கணப்பு, பகல்ல சுள்ளுன்னு வெயிலு, எல்லாம் ஒண்ணு சேந்துக்குது. சமவெளியில வாங்கின அதே லோஷனை இங்க வந்து பூசிட்டு ஒண்ணும் கேக்கலைங்கன்னு சொல்றவங்களுக்குக் காரணம் இதுதான், லோஷன்ல பெரும்பங்கு தண்ணி, அது ஆவியாயிட்டா அப்புறம் காவல் இருக்க அதுல கொழுப்புச் சத்து கம்மி.

அதனால நான் யார் கேட்டாலும் சொல்றது ஒண்ணுதான், முன்பக்கம் இருக்கற படத்தையும் பூவையும் விட்டுட்டு டப்பாவைத் திருப்பிப் பாருங்க. என்னென்ன சேத்திருக்காங்கன்னு வரிசையா இருக்கும், பொதுவா எது அதிகமோ அது முன்னாடி வரும். கிளிசரின், யூரியா, ஹயலுரானிக் ஆசிட், இதெல்லாம் தண்ணியைப் பிடிச்சு வெக்கற சரக்கு. செராமைடு, ஷியா பட்டர், கொகம் பட்டர், எண்ணெய் வகைங்க, இதெல்லாம் செல்லுக்கு நடுவுல இருக்கற இடைவெளியை அடைச்சு சொரசொரப்பைக் குறைக்கறது. பெட்ரோலேட்டம் (அதான் பெட்ரோலியம் ஜெல்லி), லிக்விட் பாரஃபின், டைமெத்திகோன், தேன்மெழுகு, இதுங்க மேல மூடி போட்டு ஈரம் வெளிய போகாம நிறுத்தறது. மலையில குளிர்காலத்துக்கு வாங்கற க்ரீம்ல இந்தக் கடைசி வகையில ஏதாவது ஒண்ணு கண்டிப்பா இருக்கணும், அதுவும் பேர் பட்டியலோட முன்பாதியிலயே இருக்கணும். ஷியா பட்டர்னு முன்னாடி பெருசா எழுதிட்டு பின்னாடி வாசனைப் பொருளுக்கும் கீழ அதைப் போட்டிருந்தா பேருக்குத்தான் சேத்திருக்காங்கன்னு அர்த்தம்.

காலேஜ் பசங்க போன்ல வீடியோ பாத்துட்டு ஹயலுரானிக் சீரம் மட்டும் வாங்கிட்டுப் போறாங்க, ரெண்டு வாரம் கழிச்சு மூஞ்சி இன்னும் இழுத்துப் பிடிக்குதுன்னு வந்து நிக்கறாங்க. அது தண்ணியைப் பிடிக்கற பொருள், காஞ்ச காத்துல காஞ்ச முகத்துல அதை மட்டும் போட்டா பிடிக்கறதுக்குத் தண்ணி எங்க இருக்கு? முகம் ஈரமா இருக்கறப்பவே தடவி அது மேல ஒரு க்ரீம் போட்டு மூடுங்க, அப்பதான் பலன். இல்ல சீரமே வேண்டாம்னு கிளிசரின் இருக்கற சாதா க்ரீமை வாங்கிக்கோங்க, வேலை நடந்துடும், காசும் மிச்சம்.

எண்ணெய் வடியற முகத்துக்காரங்க குளிர்காலத்துலயும் எனக்கு எதுக்கு மாய்ஸ்சரைசர்னு விட்டுடறாங்க. பருவுக்கு அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு போடறவங்களுக்கு மூக்கு ஓரமும் வாய் ஓரமும் உரிஞ்சு செவந்து போகும், அவங்களுக்குக் கட்டாயம் வேணும். ஜெல் மாதிரி இருக்கறது, துவாரத்தை அடைக்காதுன்னு போட்டிருக்கறது, டைமெத்திகோன் இருக்கறதா பாத்து எடுங்க. இவங்க மட்டும் தேங்கா எண்ணெயை மூஞ்சியில பூசாதீங்க, பரு கூடும். மத்தபடி கை கால் உடம்புக்கு தேங்கா எண்ணெய் ரொம்ப நல்ல பொருள், லேசான வறட்சிக்கு அது மினரல் ஆயில் அளவுக்கு வேலை செய்யுதுன்னு ஆராய்ச்சியிலயே பாத்திருக்காங்க, என்ன, இங்க குளிருக்குக் கட்டியாயிடும், உள்ளங்கையில வெச்சுத் தேய்ச்சா உருகிடும். கடுகெண்ணெய் வேண்டாம், சின்னக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம், அது எரிச்சலைக் கெளப்பும். குளிருக்கு இதமா இருக்குன்னு எங்க ஊரு நீலகிரி தைலத்தையும் கோல்தேரி தைலத்தையும் வெடிச்ச தோல் மேலயே தேய்க்கறவங்க இருக்காங்க, அது மூட்டு வலிக்கு வேற விஷயம், தோல் வெடிச்ச எடத்துல பட்டா திகுதிகுன்னு எரியும், புண்ணும் ஆறாது.

இப்ப உங்க பக்கத்துல வராம போனவங்களுக்கு வர்றேன். தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிக்கறவங்க கையை நீங்க கிட்டப் பாத்திருக்கீங்களா தெரியல. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ற எடத்துல, நகக்கண்ணு ஓரத்துல, கத்தியால கீறின மாதிரி நீள நீளமா வெடிப்பு, அதுக்குள்ள தேயிலைச் சாறு எறங்கி கருப்பா கோடு விழுந்திருக்கும், எவ்வளவு தேய்ச்சுக் கழுவினாலும் போகாது. காலையில பனி ஈரத்தோட கிடக்கற செடிக்குள்ள கையை விட்டு விட்டு எடுக்கறாங்க, நனையுது, காத்துல காயுது, திரும்ப நனையுது. ஈரத்துலதானே வேலை அப்புறம் ஏன் வறட்சின்னு கேப்பாங்க, நனைஞ்சு நனைஞ்சு காயறதாலதான் தோல்ல இருக்கற எண்ணெய்ச் சத்து கழுவிட்டுப் போகுது. கேரட் எடுக்கறவங்க, கழுவறவங்க, மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு அனுப்பணும்னு இருட்டுலயே வேலையில எறங்கறவங்க எல்லாருக்கும் இதே கதிதான். சாயங்காலம் கடைக்கு வந்து நூறு ரூபாயை முந்தியில இருந்து அவுத்து, டிவில வருதே அந்த க்ரீம் குடு கண்ணுன்னு கேக்கறாங்க. நான் குடுக்கறதில்ல. அக்கா அது மூஞ்சிக்கு, வாசனைக்குன்னு சொல்லி சாதா வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி எடுத்துக் குடுப்பேன். 1872-லயே சீஸ்ப்ரோன்னு ஒரு அமெரிக்கக்காரர் வேசலினுக்கு பேட்டன்ட் வாங்கிட்டார், இத்தனை வருசம் கழிச்சும் தோல்ல இருந்து ஈரம் போறதை நிறுத்தறதுல அதை மிஞ்சின பொருளைக் காணோம். வாசனை இல்லாததா, கலர் இல்லாததா பாத்து வாங்கணும், சின்ன டப்பா ரொம்பக் கம்மி விலைக்கே கிடைக்குது.

போடற முறையும் சொல்லிடறேன், ஏன்னா இதுல பாதிப் பேர் ஏமாந்து போறாங்க. ராத்திரி வேலையெல்லாம் முடிச்சு வெதுவெதுப்பான தண்ணியில கையைக் கழுவி, துணியால ஒத்தி எடுத்து, ஈரம் லேசா இருக்கறப்பவே மூணு நிமிசத்துக்குள்ள தடவணும். முழுசா காஞ்ச தோல் மேல ஜெல்லி போட்டா உள்ள மூடி வெக்க ஈரமே இருக்காது. அது மேல பழைய காட்டன் சாக்ஸையோ கையுறையையோ மாட்டிட்டுப் படுத்துடுங்க. பாத்திரம் தேய்க்கறப்பவும் துணி துவைக்கறப்பவும் ரப்பர் கிளவுஸ் போட்டுக்கங்க. பித்தவெடிப்புக்கு ஜெல்லி மட்டும் பத்தாது, யூரியா கலந்த க்ரீம் கேளுங்க, 10 சதவீதம் வரைக்கும் ஈரத்துக்கு, 20-க்கு மேல போனா கெட்டியான தோலைக் கரைக்கறதுக்கு, குதிகாலுக்கு இதுதான் சரி. ஆனா ரத்தம் வர்ற அளவுக்கு வெடிச்ச எடத்துல யூரியா எரியும், அதை மொதல்ல ஜெல்லி போட்டு ஆத்திக்கங்க. சர்க்கரை இருக்கறவங்க கால் விரல் இடுக்குல எந்த க்ரீமும் போடக்கூடாது, ஈரம் தங்கி பூஞ்சை வரும், பாதத்தோட மேலயும் அடியிலயும் மட்டும் தடவுங்க.

வயசானவங்களுக்குத் தோல்ல எண்ணெய் சுரக்கறதே குறைஞ்சிருக்கும், கெண்டைக்கால்ல வெள்ளை வெள்ளையா பூத்து செதில் செதிலா இருக்கும், ராத்திரி முழுக்க சொறிஞ்சுக்கிட்டே உக்காந்திருப்பாங்க. குளிருதுன்னு கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊத்தாதீங்க, பத்து நிமிசத்துக்கு மேல குளிக்க வெக்காதீங்க, சோப்பை அக்குள், தொடை இடுக்கு, பாதம்னு தேவையான எடத்துக்கு மட்டும் போடுங்க. சாதா சோப்போட pH அளவு, அதாவது காரத்தன்மையைக் காட்டற எண், 9, 10 வரைக்கும் இருக்கும், நம்ம தோலு அஞ்சுக்குப் பக்கம், தெனமும் உடம்பெல்லாம் நுரை போட்டுட்டு அப்புறம் எந்த விலையில க்ரீம் வாங்கினாலும் பிரயோஜனம் இல்லீங்க.

இவங்களுக்கு இன்னொண்ணும் சொல்லணும், இது யாரும் சொல்றதில்ல. இங்க குளிருக்கு எல்லா வீட்டுலயும் கணப்பு போடறோம். பாரஃபின், பெட்ரோலியம் ஜெல்லி எல்லாம் போர்வையிலயும் ஸ்வெட்டர்லயும் படிஞ்சு ஊறிப்போனா அந்தத் துணி சட்டுன்னு தீப்பிடிக்கும், பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல இதுக்குன்னே எச்சரிக்கை விட்டுச்சு. க்ரீம் போட்டுட்டு அடுப்புக்கிட்டயும் பீடிக்கிட்டயும் ஒட்டி உக்காராதீங்க, துணியையும் போர்வையையும் அடிக்கடி துவைச்சுப் போடுங்க.

அடுத்தது எனக்கு ரொம்ப மனசு நோகற விஷயம். குளிர்ல செவந்து எரியற முகத்துக்கு டியூப் கேட்டு வர்றாங்க, பேரை ஒரு துண்டுச்சீட்டுல எழுதிக் கொண்டு வந்து நீட்டறாங்க, பாத்தா ஸ்டீராய்டு. 2018-லயே மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்தை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு ஆக்கிட்டாங்க, ஆனாலும் எங்கயோ கிடைக்குது, அக்கா போட்டாங்க, தங்கச்சி போட்டாங்கன்னு கை மாறுது. மொத ரெண்டு நாள் செவப்பு எறங்கி முகம் பளிச்சுன்னு ஆயிடும், அதான் நம்பிடறாங்க. மாசக்கணக்குல போட்டா தோல் மெலிஞ்சு, ரத்தக் குழாய் தெரிய ஆரம்பிச்சு, பருவும் முடியும் வளந்து, நிறுத்தினா முன்னைவிட அதிகமா எரியும். அது மாய்ஸ்சரைசர் இல்லீங்க, மருந்து, டாக்டர் இத்தனை நாள்னு சொன்னா அத்தனை நாள் மட்டும்தான்.

மாய்ஸ்சரைசர் எவ்வளவு போட்டும் அடங்கலைன்னா வேற கம்பெனிக்கு மாத்திக்கிட்டே இருக்காதீங்க. ராத்திரியில அரிப்பு கூடுது, விரல் இடுக்குல சின்னச் சின்னதா கொப்புளம், வீட்டுல இன்னொருத்தருக்கும் இருக்குன்னா அது குளிர் வறட்சி இல்ல, பெரும்பாலும் சிரங்குதான், வீட்டுல எல்லாரும் ஒரே நேரத்துல வைத்தியம் பாக்கணும். தோல் வறண்டு, முடி கொட்டி, எப்பவும் அசதியா இருந்தா தைராய்டு டெஸ்ட் எடுங்க. கை விரல், கால் விரல் நுனி மட்டும் வீங்கி ஊதா கலர்ல அரிச்சுதுன்னா அது குளிரால ரத்த ஓட்டத்துக்கு வந்த கோளாறு, க்ரீம் வேலை செய்யாது, சூடா வெச்சுக்கிட்டு டாக்டரைப் பாருங்க. பகல்ல வெளிய போறவங்க சன்ஸ்க்ரீனும் போடணும், 1,000 மீட்டர் ஏறினா புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் கிட்ட கூடுது, குளிரா இருக்குன்னு வெயில் உறைக்காம இருக்காது.

ஆசிரியருக்கு என்னோட வேண்டுகோள். அடுத்த உறைபனிக்கு முன்னாடி, ஐப்பசி கடைசியிலயே, இந்தப் பக்கத்தை இன்னொரு தடவை போடுங்க, முகத்துக்கு மட்டும் போடாம கைக்கும் காலுக்கும் போடுங்க, தோல் டாக்டர் ஒருத்தரை வெச்சு தோட்டத்து ஆளுங்க கேக்கற கேள்விக்குப் பதில் சொல்ல வைங்க. எழுத்து பெருசா இருக்கட்டும், வயசானவங்க கண்ணாடி இல்லாம படிக்கணும். தோட்ட நிர்வாகங்களும் குளிர் மாசத்துல கொழுந்து பறிக்கறவங்களுக்கு ஆளுக்கொரு டப்பா ஜெல்லியும் ஒரு ஜோடி காட்டன் கையுறையும் குடுக்கலாம்னு உங்க பேப்பர்ல ஒரு வரி எழுதினீங்கன்னா நான் சொல்றதைவிட நீங்க சொன்னா கேப்பாங்க.

இப்படிக்கு,
குன்னூரிலிருந்து ஒரு வாசகி