சட்டத்துக்கு முன் ஆள் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

‘வேண்டாம்’ என்று எழுதி வைக்காத எல்லோரையும் உறுப்பு தானத்துக்குச் சம்மதித்தவர்களாகவே எடுத்துக்கொள்ளும் சட்டம் இங்கேயும் வர வேண்டும் என்று சென்ற இதழ்க் கட்டுரை சொல்கிறது. ஸ்பெயினை உதாரணம் காட்டிய இடத்தில் கட்டுரையாளர் பாதிக் கதையோடு நிறுத்திவிட்டார். அந்தச் சட்டம் அங்கே 1979-லேயே வந்துவிட்டது. தானம் ஏறியது, 1989-ல் தேசிய அமைப்பு ஒன்றை உருவாக்கி, மருத்துவமனைகளில் இதற்கென்றே பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்களை உட்கார வைத்த பிறகுதான். இன்றைக்கும் வீட்டாரைக் கேட்காமல் அங்கே எடுப்பதில்லை. பிரேசில் 1997-ல் இதே மாதிரிச் சட்டம் போட்டு, ஜனங்கள் மிரண்டதும் மறு வருடமே கைவிட்டது.

நம் பக்கம் வருவோம். தொப்பூர் கணவாயில் லாரி மோதியது, சூளகிரியில் பைக் சறுக்கியது என்று கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிட்டது. அப்படித் தலையில் அடிபட்டுக் கிடந்தான் என் பங்காளி மகன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். வென்டிலேட்டரில் மார்பு ஏறி இறங்குகிறது, கையைத் தொட்டால் சூடு. இளம் டாக்டர் ஒருவர் வந்து “பிரெயின் டெத்” (மூளைச்சாவு; மூளை முழுதும் நின்றுபோய், மெஷினால் மட்டும் மூச்சு ஓடும் நிலை) என்று சொன்ன கையோடு உறுப்பு தான ஃபாரத்தை நீட்டினார். “மூச்சு வருதே சார், உசுரோட இருக்கிறவனையா அறுக்கப் போறீங்க?” என்று பையனின் தாய்மாமன் பாய்ந்துவிட்டார். நாலு பேர் பிடித்து உட்கார வைத்தோம். நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்த பிறகே மூளைச்சாவு என்று எழுதுகிறார்கள். அதை அவரிடம் பொறுமையாகச் சொல்ல அங்கே ஆள் இல்லை. டாக்டரையும் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கு அடுத்த படுக்கை காத்திருந்தது.

அந்த மாமனிடம் போய், “பையன் மறுத்து எழுதித் தரவில்லை, ஆகவே சம்மதம்தான்” என்று சொல்லிப் பாருங்கள்! மறுப்பை எங்கே போய்ப் பதிவார்களாம்? ரேஷன் கார்டில் ஒரு பெயரைத் திருத்தவே சித்தேரி மலையிலிருந்தும் அஞ்செட்டியிலிருந்தும் கூலியை விட்டுவிட்டு அலைகிறார்கள்.

தமிழகம் இந்த விஷயத்தில் பேர் வாங்கியது கட்டாயத்தால் அல்ல. 2008-ல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளை அவன் பெற்றோர் தாங்களாக முன்வந்து கொடுத்தார்கள், மாநிலமே திரும்பிப் பார்த்தது. தானம் தந்தவர்களுக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பரில் அறிவித்ததும் நல்ல காரியம். அதிகாரிகள் வீடு தேடி வந்து மாலை வைப்பதை ஊரே பார்க்கிறது அல்லவா?

தீவிர சிகிச்சைப் பிரிவில் உறவினரிடம் தானம் பற்றிக் கேட்டாக வேண்டும் என்று உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 2011 திருத்தமே சொல்கிறது. நான் கேட்பது இதுதான்: கேட்கும் ஆள் சிகிச்சை தரும் டாக்டராக இருக்கக் கூடாது, இதற்கென்றே பயிற்சி பெற்ற வேறொருவராக இருக்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் அவர் ராத்திரியிலும் இருக்க வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கத்துக்குத் தெலுங்கும் கன்னடமும் பேசத் தெரிந்தவராகப் பார்த்துப் போட வேண்டும். விபத்து என்றால் போலீஸ் விசாரணை, போஸ்ட்மார்ட்டம் எல்லாம் உண்டு. தானத்துக்காக இரவிலும் போஸ்ட்மார்ட்டம் செய்யலாம் என்று மத்திய அரசு 2021-லேயே அனுமதித்துவிட்டது. “பாடி எத்தனை மணிக்குக் கைக்கு வரும்?” என்று வராந்தாவில் நிற்கிறவர் கேட்டால், அந்த ஆள் நேரம் சொல்லி, சொன்ன நேரத்துக்கு வண்டியும் ஏற்றி அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.