10 பவுண்டு விதியை எக்சிட் 64-க்கு முன்பே சொல்லுங்கள்

மேரிலாந்து போக்குவரத்து ஆணையத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பால்டிமோர் துறைமுகத்தைக் கடக்கும் புதிய கீ பாலம் 2028-ல் வராது, 2030-ன் பிற்பகுதியில்தான் வரும் என்று நீங்கள் அறிவித்ததை ஒட்டி எழுதும் மடல் இது. தாமதத்துக்குக் காரணம் கேட்க வரவில்லை. 2024 மார்ச் 26 அதிகாலையில் ‘டாலி’ கப்பல் மோதி, பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு பேர் உயிரிழந்த இடம் அது. அங்கே எதையும் அவசரமாகக் கட்டச் சொல்ல யாருக்கும் மனம் வராது. பாலம் வரும்வரை நாங்கள் கேட்பது எச்சரிக்கைப் பலகை. புரொபேன் எரிவாயு சிலிண்டர் வைத்த ஆர்.வி. வண்டிகள் (தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டிகள்) பால்டிமோர் சுரங்கப்பாதைகளுக்குள் போகக்கூடாது என்பதை, வண்டியைத் திருப்ப வழி இருக்கும்போதே, எண்ணோடு எழுதி வையுங்கள். ஐ-95 நெடுஞ்சாலையில் தெற்கே வருபவர்களுக்கு, ஐ-695 சுற்றுச்சாலைக்குப் பிரியும் எக்சிட் 64-க்கு முன்னால். வடக்கே வருபவர்களுக்கு, அதே சுற்றுச்சாலைக்குப் பிரியும் எக்சிட் 49-க்கு முன்னால்.

விதியைத் தளர்த்தச் சொல்லவில்லை. புரொபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் மேலே கலைந்து போகாது. துறைமுகத்துக்கு அடியில் இறங்கி ஏறும் சுரங்கத்தின் தாழ்ந்த இடத்தில் போய்த் தேங்கும். காற்றில் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல் கலந்தாலே பற்றிக்கொள்ளும். சிலிண்டர் வால்வை மூடிவிட்டால் குழாய்க் கசிவு நிற்கும் என்பது சரிதான். ஆனால் பக்கத்து லாரி தீப்பிடித்தால் மூடிய வால்வால் பயன் இல்லை. சிலிண்டர் சூடேறி உள்ளழுத்தம் 375 பி.எஸ்.ஐ. அளவைத் தொட்டதும் பாதுகாப்பு வால்வு தானே திறந்து வாயுவை வெளியே பீய்ச்சும். தடை நியாயமானது. அது ஓட்டுநருக்குப் போய்ச் சேரும் விதம்தான் நியாயமாக இல்லை.

உங்கள் விதிப்படி, கொள்கலன் ஒன்றுக்கு 10 பவுண்டுக்கு மேல் புரொபேன் கூடாது. அப்படிப் பத்து கொள்கலன் வரை போகலாம். இழுத்துச் செல்லும் டிரெய்லரின் முன்பக்கத்தில் வழக்கமாக இருப்பவை இரண்டு 20 பவுண்டு அல்லது இரண்டு 30 பவுண்டு சிலிண்டர்கள். தானே ஓடும் வீட்டு வண்டியான மோட்டார்ஹோமின் அடியில் நிரந்தரமாகப் பொருத்திய தொட்டி அதைவிடப் பெரியது, கழற்றவே முடியாது. ஆக, கிட்டத்தட்ட எல்லா ஆர்.வி.-யும் இந்தத் தடைக்குள் வந்துவிடும். அப்படியிருந்தும் ‘அபாயகரமான பொருள்’ என்று மட்டும் சொல்லும் பலகையைப் பார்த்து, அடுப்பும் ஃபிரிட்ஜும் குழந்தைகளுமாக வர்ஜீனியாவின் ஷெனண்டோவா பூங்காவுக்குப் போகும் நியூ ஜெர்சிக் குடும்பம் அது தனக்குத்தான் என்று எப்படி எடுத்துக்கொள்ளும்? வண்டியை வாடகைக்கு எடுத்தவர்களுக்கு, சிலிண்டர் எங்கே இருக்கிறது என்பதே சாவி வாங்கும்போதுதான் தெரியவரும்.

அந்த 10 பவுண்டும் எதைக் குறிக்கிறது? சிலிண்டரின் கொள்ளளவையா, உள்ளே இருக்கும் வாயுவையா? 20 பவுண்டு சிலிண்டரின் கழுத்தில் ‘டி.டபிள்யூ. 17’ என்று வெற்று எடை பொறித்திருக்கும். தராசில் 26 பவுண்டு காட்டினால் உள்ளே வாயு 9 பவுண்டு. அந்த வண்டி போகலாமா, கூடாதா? சிறு கேம்பர்களில் பொருத்தும் குட்டையான 11 பவுண்டு சிலிண்டரும் இருக்கிறது. ஒரே ஒரு பவுண்டு கூடுதல். தீர்ந்துபோன சிலிண்டரிலும் ஆவி மிச்சம் இருக்கும், முறையாக வெளியேற்றினால் ஒழிய அது வெற்றுக் கலன் ஆகாது. சுரங்க வாயிலில் தராசு கிடையாது. அங்கே நிற்கும் காவலர் கண்ணால் பார்த்து முடிவு சொல்ல வேண்டுமென்றால் அளவுகோல் கொள்ளளவாகத்தான் இருக்க முடியும். அப்படியென்றால் அதையே எழுதிவிடுங்கள்: ‘10 பவுண்டுக்கு மேல் கொள்ளளவுள்ள புரொபேன் சிலிண்டர், நிரம்பியதோ காலியானதோ, அனுமதி இல்லை.’

பலகை தாமதமாகக் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பதை அலுவலகத்தில் இருப்பவர்கள் ஒருமுறை எண்ணிப்பார்க்க வேண்டும். தெற்கே வரும்போது, ஐ-95 செல்லும் ஃபோர்ட் மெக்கென்றி சுரங்கத்துக்கு முந்தைய கடைசி வழி எக்சிட் 56, கீத் அவென்யூ. அதில் இறங்கினால் துறைமுகப் பகுதி. கன்டெய்னர் லாரிகள் நடமாடும் சாலைகள். முப்பத்தைந்து அடி மோட்டார்ஹோம், பின்னால் நான்கு சக்கரமும் தரையில் உருள ஒரு கார். இந்த இணைப்பை ரிவர்ஸ் எடுக்க முடியாது. சில அடி பின்னால் தள்ளினாலே காரின் முன்சக்கரங்கள் தாமாக ஒரு பக்கம் முழுதும் திரும்பிக்கொள்ளும். அதற்கு மேலும் தள்ளினால் காரை இணைக்கும் இழுவைக் கம்பியான டோ பார் வளையும், இல்லையேல் காரின் முன்புறம் அதைத் தாங்கும் தகடு வளையும். தவறான சந்தில் நுழைந்துவிட்டால் காரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். காரின் பிரேக்கைப் போட்டு, விளக்குக் கம்பியை உருவி, அறுந்தால் பிரேக் பிடிக்க வைக்கும் கம்பியை எடுத்து, இரண்டு பாதுகாப்புக் கேபிள்களை அவிழ்த்து, கடைசியில் டோ பாரின் இரு கைகளிலும் உள்ள ஊசிகளை இழுக்க வேண்டும். வண்டிகள் கோணலாக நின்றிருந்தால் கைகள் இறுகி ஊசி அசையாது. பிரேக் மிதிக்கு முன்னால் வைத்த துணைப் பிரேக் கருவியையும் வெளியே எடுத்தால்தான் காரை ஓட்டலாம், அதற்கு இன்னோர் ஓட்டுநர் வேண்டும். இத்தனையும் லாரிகள் ஹாரன் அடிக்கும் சாலை நடுவில். வடக்கே வருபவர்களுக்குக் கடைசி வழி எக்சிட் 55, கீ ஹைவே. அங்கே லோகஸ்ட் பாயிண்ட்டின் ஒடுங்கிய குடியிருப்புத் தெருக்களில் இதே பாடு.

இந்த நிலையில் ஒரு ஓட்டுநர் என்ன செய்வார்? வால்வை மூடியிருக்கிறோமே என்று மனதைத் தேற்றிக்கொண்டு நேராகச் சுரங்கத்துக்குள் விட்டுவிடுவார். எது நடக்கக்கூடாதென்று விதி போட்டீர்களோ அதையே தாமதமான பலகை நடத்திவைக்கிறது. எக்சிட் 64-க்கு முன்பே சொல்லியிருந்தால் அவர் ஐ-695-ன் மேற்குப் பாதியில் டவ்சன், கேட்டன்ஸ்வில் வழியாகச் சுற்றி, ஆர்பட்டஸ் அருகே மீண்டும் ஐ-95-ல் ஏறியிருப்பார். தூரம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதை யாரும் பெரிதாக நினைக்கப் போவதில்லை.

பலகையில் ‘ஐ-695’ என்று மட்டும் போட்டால் போதாது. கீ பாலம் இருந்த காலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அக்கரை சேரலாம். சுரங்கங்களில் நுழைய முடியாத வண்டிகளுக்கு 1977 முதல் அதுதான் வழி. இன்று கிழக்குப் பக்கம் திரும்பினால் சாலை தண்ணீரில் முடிகிறது. பழைய வழிக் குறிப்புகளை வைத்துக்கொண்டு வருபவர்கள் இன்னமும் உண்டு. ‘ஐ-695, டவ்சன் பக்கம்’ என்று ஊர்ப் பெயரோடு எழுதுங்கள்.

இன்னும் முன்னாலேயே, டெலவேரில் வைத்தே சொல்ல முடிந்தால் மிகவும் நல்லது. 2019-ல் திறந்த யு.எஸ். 301 சுங்கச் சாலையில் இறங்கி, குவீன்ஸ்டவுன், பே பிரிட்ஜ், அனாபொலிஸ் என்று போய், தெற்கே நைஸ்/மிடில்டன் பாலம் வழியாக வர்ஜீனியாவுக்குள் சென்றுவிடலாம். வழியில் சுரங்கமே இல்லை. பலத்த காற்று வீசும் நாளில் மட்டும் பே பிரிட்ஜில் டிரெய்லர்களை நிறுத்தக்கூடும் என்பதால், காற்று எச்சரிக்கையையும் அதே இடத்தில் காட்ட வேண்டும்.

இது உங்களோடு முடிகிற குறையும் அல்ல. செசபீக் பே பிரிட்ஜ்-டனலில் வால்வை மூடினால் இரண்டு 45 பவுண்டு சிலிண்டர் வரை போகலாம். பாஸ்டன் சுரங்கங்களில் கூடாது. நியூயார்க்கின் ஹாலந்து, லிங்கன் சுரங்கங்களில் கூடாது. ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தில் மேல்தளம் சரி, கீழ்தளம் கூடாது. ஒரே கடற்கரை, ஒரே சிலிண்டர், ஊருக்கு ஊர் வேறு சட்டம். நகரச் சுரங்கங்களில் என்ன போகலாம் என்று முடிவு செய்யும் உரிமையை, கூட்டாட்சி விதித்தொகுப்பின் 49-ம் தலைப்பு, 177.810-ம் பிரிவு மாநிலங்களுக்கும் நகரங்களுக்கும் விட்டுவைத்தது. அந்த உரிமையை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஒன்றுகூடி ஒரே மாதிரிப் பலகை வைக்கும் பொறுப்பை எடுத்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. ஆர்.வி.-க்கென்று விற்கும் ஜி.பி.எஸ். கருவி புரொபேன் உண்டா என்று கேட்கும். கைப்பேசி வரைபடம் கேட்காது. அதைத்தான் பெரும்பாலானோர் நம்பி ஓட்டுகிறார்கள்.

சூடாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம். பாலம் வரும்வரை உள்ள இந்த ஆண்டுகளுக்காவது, எக்சிட் 64-க்கும் எக்சிட் 49-க்கும் இரண்டு மைல் முன்பும் ஒரு மைல் முன்பும், ஆர்.வி. படம், ‘புரொபேன்’, ‘10 பவுண்டு’, ‘ஐ-695, டவ்சன் பக்கம்’ ஆகிய நான்கும் கொண்ட பலகைகளை வைத்துத் தர வேண்டுகிறோம். பாதி காலியான 20 பவுண்டு சிலிண்டருக்கும் 11 பவுண்டு சிலிண்டருக்கும் உங்கள் பதில் என்ன என்பதை எழுத்தில் வெளியிடவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஐ-95-ல் ஆர்.வி. ஓட்டுவோர்