ஐந்து கட்டைக்கு மேலே ஓர் உறுமல்

திருவையாறு,
ஆடி மாதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மூட்டுவலி தணிந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. படித்துறையில் நான்கு படிகள் முழுகியிருக்கின்றன. நாம் குதித்த இடத்தில் இப்போது பையன்கள் குதிக்கிறார்கள். நான் கரையில் நின்று அவர்களை அதட்டுகிறேன்.

உன் மகன் மாடி அறையில் ஒலிப்பதிவுக்கு இடம் அமைத்திருக்கிறான், ஸ்பீக்கர் ஓயாமல் இரைகிறது, கடைக்காரர் பல ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கேபிள் வாங்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். வாங்க வேண்டாம். முதலில் என் கதையைக் கேள்.

எங்கள் வீட்டில் பத்தாயம் இருந்த அறை உனக்கு நினைவிருக்கும். அதைத்தான் தை மாதம் காலி செய்து, வீணை பதிவு செய்ய இடமாக்கினேன். இரண்டு ஸ்பீக்கர், ஒரு மடிக்கணினி, மைக் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் ஒரு இன்டர்ஃபேஸ் பெட்டி, அவ்வளவுதான். பங்குனி வரை தொந்தரவில்லை. சித்திரையில் ஆரம்பித்தது உறுமல். ஒரு கட்டை ஸ்ருதியில் தம்புராவைப் போட்டால், பஞ்சமத்துக்குப் பக்கத்தில் யாரோ உட்கார்ந்துகொண்டு சற்று ஏற்றி ‘ம்ம்ம்’ என்று இழுப்பதுபோல் கேட்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை ஆடுகிறது. ஸ்பீக்கரில் காதில் விழுவது பெரும்பாலும் அதன் இரட்டிப்பு, 100. ஒரு கட்டைக்கு மந்திர பஞ்சமம், அதாவது ஐந்து கட்டையின் ஸ்வரம், 98. இரண்டும் மோதி விநாடிக்கு இரண்டு தரம் அலையடிக்கிறது. ஐந்து கட்டைக்கும் சேராமல் ஐந்தரைக்கும் சேராமல் நிற்கும் இந்தப் பாடகரை வைத்துக்கொண்டு எவர் வாசிப்பார்?

ஸ்பீக்கருக்கு வரும் ஒலிக் கேபிளைக் கழற்றிப் பார்த்தேன். உறுமல் நின்றுவிட்டது, மெல்லிய சீறல் மட்டும் மிஞ்சியது. சீறல் ஸ்பீக்கரின் சொந்தக் குரல். ஸ்பீக்கரின் ஒலியளவைக் குறைத்து, இன்டர்ஃபேஸ் பெட்டியிலிருந்து வரும் ஒலியளவைக் கூட்டினால் பெரிதும் அடங்கிவிடும். உறுமல்தான் வெளியிலிருந்து வந்த விருந்தாளி. உன் மகனையும் முதலில் இதைச் செய்து பார்க்கச் சொல். காசு செலவில்லை.

என் அறையில் ஸ்பீக்கர் ஒரு சுவர் பிளக்கில், கணினி எதிர்ச்சுவர் பிளக்கில் இருந்தன. இரண்டின் எர்த்தும் வெவ்வேறு வழியாகப் போய், நடுவே ஒலிக் கேபிளின் உலோக உறையும் சேர்ந்துகொண்டு முழு வளையமாகிவிட்டது. மட்டம் வேறுபட்ட இரண்டு வயலுக்கு நடுவே வரப்பை வெட்டிவிட்டால் தண்ணீர் சும்மா இருக்குமா? ஓடும். அந்த ஓட்டம்தான் ஸ்பீக்கரில் உறுமலாகிறது. எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டில் செருகினேன். பாதி குறைந்தது.

மீதிப் பாதி வேடிக்கை. மவுஸை நகர்த்தினால் ஸ்பீக்கர் ‘கிர்’ என்றது. சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டினால் அமைதி. சார்ஜர் செருகியிருக்கும்போது கணினியின் உலோக ஓரத்தில் விரலை வைத்தால் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. பார்க்க வந்த ஒருவர், பிளக்கில் எர்த் முள்ளை வெட்டிவிடுங்கள், இரைச்சல் போய்விடும் என்றார். இரைச்சல் போகும், ஒரு நாள் ஆளும் போவான். காபி கொடுத்து அனுப்பிவைத்தேன். உன் மகனிடமும் எவராவது இதைச் சொல்வார்கள். கேட்கவே கூடாது.

நம் பழைய எலெக்ட்ரீசியன் வந்துதான் விஷயம் வெளிப்பட்டது. அவர் ஒரு பல்பை ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே பிடித்தார், பளிச்சென்று எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பிடித்தார். அகல் விளக்குபோல் அழுது வடிந்தது. “எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றி எத்தனை நாளாயிற்று?” என்று கேட்டார். அப்படியொரு குழி கொல்லையில் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அப்பா காலத்தில் கரியும் உப்பும் போட்டு மூடியது. மேலே செங்கல்லும் ஓட்டுச் சில்லும் குவிந்து கிடந்தன. திறந்தால், புழுதி. கம்பியின் இணைப்பு துருப்பிடித்துப் பொடிந்துவிட்டது. ஆறே மணலாகக் கிடந்த மாதத்தில் குழி மட்டும் எங்கிருந்து ஈரமாக இருக்கும்?

புதுக் கம்பி, புது கிளாம்ப், புதிய கரி, உப்பு, நான்கு குடம் தண்ணீர். அன்று இரவே எறும்பு ஊர்வது நின்றது, கிர்ரும் அடங்கியது. இப்போது என் மனைவி துளசிக்கு ஒரு சொம்பும் எர்த் குழிக்கு ஒரு குடமும் ஊற்றுகிறாள். சாமி கும்பிடுகிற வரிசையில் அதுவும் சேர்ந்துவிட்டது.

கடைசியாக மிஞ்சியது வீணை. அதன் உடலில் ஒட்டியிருக்கும் கான்டாக்ட் மைக்குக்கு எட்டு மீட்டர் கேபிள் போட்டிருந்தேன். அந்த வகைக் கேபிளில் ஒலி ஒரே கம்பியில் வருகிறது; நீளம் கூடக்கூட வழியில் உள்ள இரைச்சலையெல்லாம் வாரிக்கொண்டு வரும். அதை இரண்டு மீட்டராக்கி, நடுவே ஒற்றைக் கம்பி ஒலியை இரட்டைக் கம்பிக்கு மாற்றும் ஒரு டிஐ பெட்டி வைத்து, அங்கிருந்து பேலன்ஸ்டு கேபிள் இழுத்தேன். அதனுள் வைக்கோல் புரி திரித்ததுபோல் இரண்டு கம்பிகள் முறுக்கிக்கொண்டு ஓடுகின்றன. ஒலி ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் போகிறது. வழியில் ஒட்டும் இரைச்சலோ இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டும். மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இரைச்சல் பூஜ்யம், வீணை இரட்டிப்பு. கேபிளின் விலையைவிட அதன் வகைதான் முக்கியம் என்று உன் கடைக்காரரிடம் சொல்.

கேபிள்களை ஒழுங்குபடுத்தியதை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. பத்தாயம் போய்விட்ட செய்தி எலிகளுக்கு எட்டவில்லை. அறுவடை முடிந்ததும் பழைய ஞாபகத்தில் வந்து, நெல் இல்லாத கோபத்தில் ஹெட்ஃபோன் கேபிளைக் கடித்துவிட்டுப் போயின. அதனால் எல்லாம் தரைக்கு ஒரு முழம் மேலே, மரச்சட்டத்தில் ஏறிவிட்டன. மின்சாரக் கேபிள் இடப்பக்கச் சுவர், ஒலிக் கேபிள் வலப்பக்கம். குறுக்கே போயே ஆக வேண்டிய இடத்தில், கூட்டல் குறியாக ஒன்றன்மேல் ஒன்று. பக்கம் பக்கமாக ஓடவிட்டால் இரைச்சல் தாவிவிடும். கட்டுவதற்குப் பழைய வேட்டிக் கரையைக் கிழித்து வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் பட்டையை இறுக்கினால் கேபிளின் கழுத்தை நெரித்துவிடுகிறது. மாற்ற வேண்டுமானால் கத்திரி தேட வேண்டும்.

கேபிளை முழங்கையில் சுற்றும் வழக்கத்தை மட்டும் உன் மகன் விட்டுவிடட்டும். உள்ளே முறுக்கு ஏறி, ஒரு நாள் கம்பி அறுந்துபோகும். தியாகராஜ ஆராதனைப் பந்தலில் மைக் செட்காரர்கள் சுருட்டுவதைப் பார்த்திருக்கிறாயா? ஒரு வளையம் மேலாக, அடுத்தது உள்பக்கமாகத் திருப்பி. பிரிமணைபோல் அடக்கமாக உட்காரும். வீசினால் சிக்கில்லாமல் ஓடும். எனக்கு இது கைவர ஒரு வாரமானது.

புஷ்ய பகுள பஞ்சமிக்கு, ஆராதனைக்கு, வருவாய் அல்லவா? பையனையும் அழைத்து வா. வரும்போது உன் அத்தை வைத்திருந்த தம்புராவை, அந்தப் பஞ்சமத் தந்தி அறுந்ததை, அப்படியே துணி சுற்றி எடுத்து வா. தந்தி நான் வாங்கி வைத்திருக்கிறேன்.

உன்,
படித்துறைக்காரன்