வேலிக்குக் கரண்ட் வேண்டாம்

தென்காசி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. பேத்திக்குக் காது குத்தியதையும், தென்னையில் வெள்ளை ஈ குறைந்ததையும் படித்துச் சந்தோஷப்பட்டேன். கடைசிப் பக்கம்தான் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. மோட்டார் ஒயரை மூன்றாவது முறையும் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள், இனி ராத்திரியில் வேலிக் கம்பியில் கரண்ட் விடப் போகிறேன், என் பொருளைக் காக்க எனக்கு உரிமை இல்லையா என்று கேட்டிருக்கிறாய்.

உரிமை இருக்கிறது. கடன் வாங்கிப் போட்ட போர்வெல்லின் செம்புக் கம்பியை எவனோ எடைக்குப் போட்டுவிட்டுப் போகிறான் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனால் அந்த உரிமைக்கு ஓர் எல்லை இருக்கிறது. முப்பது வருடம் கோர்ட்டில் நின்றவன் என்ற முறையில் அதை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் இ.பி.கோ. என்ற பழைய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதுச் சட்டம் வந்துவிட்டது. தற்காப்புச் சட்டம் பெரிதாக மாறவில்லை. 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகள் இப்போது 34 முதல் 44 வரை. வெறும் திருட்டு என்றால் திருடனைத் தடுக்கலாம், அடித்துப் பிடிக்கலாம். உயிரை எடுக்கக் கூடாது. கொள்ளை, இருட்டிய பிறகு பூட்டை உடைத்துப் புகுவது, வீட்டுக்குத் தீ வைப்பது, உயிர் போகும் அல்லது கொடுங்காயம் விழும் என்று நியாயமாகப் பயப்படும்படி நடக்கிற திருட்டு, இவற்றில்தான் உரிமை உயிரை எடுக்கும் அளவுக்கு நீளும்.

'மோட்டார் ரூம் பூட்டைத்தானே உடைத்தான்' என்பாய். சரி, பொருள் வைக்கிற கட்டடமும் அதில் அடங்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே 37-ஆம் பிரிவு இருக்கிறது. தடுக்கத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. போலீஸை நாட நேரம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது. பகலில் நிதானமாகக் கம்பி இழுத்துவிட்டு ராத்திரி வீட்டில் படுத்துத் தூங்குகிறவன், நேரம் இல்லை என்று எப்படிச் சொல்வான்?

2019 ஆகஸ்டில் நம் கடையத்தில் நடந்தது நினைவிருக்கும். முகமூடிக்காரன் ஒரு பெரியவரின் கழுத்தில் துணியைப் போட்டு இறுக்க, அவரும் அவர் மனைவியும் கையில் கிடைத்த நாற்காலியையும் செருப்பையும் வீசி அரிவாளோடு வந்தவர்களை விரட்டினார்கள். சுதந்திர தினத்தன்று அரசு அவர்களுக்கு விருது கொடுத்தது. அன்று அந்தத் திருடர்களில் ஒருவன் செத்திருந்தாலும் சட்டம் அவர்கள் பக்கம்தான் நின்றிருக்கும் என்று நான் நம்புகிறேன். உயிருக்குப் பயந்தவன் அடிக்கிற அடியைத் தங்கத் தராசில் நிறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது.

அந்தப் பயம் மனிதனுக்கு வரும், கம்பிக்கு வராது. வருகிறவன் திருடனா, காணாமல் போன ஆட்டைத் தேடி வந்த பையனா என்று அதற்குத் தெரியாது.

பீகாரில் ஒருவர் மேல் ஒரு வழக்கு. பக்கத்து வீட்டுக் கழிவறைச் சுவர் விழுந்துவிட்டது. அந்த வீட்டுப் பெண் இவருடைய கழிவறைக்கு வந்து போனார். சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை என்று, இவர் அந்த வழியில் வெறும் செம்புக் கம்பியைக் கட்டி மின்சாரம் பாய்ச்சினார். அந்தப் பெண் செத்துப்போனார். அத்துமீறி நுழைந்தவர்தானே, என் சொத்தைக் காத்தேன் என்ற வாதம் 1963-ல் உச்ச நீதிமன்றத்தில் எடுபடவில்லை. அலட்சியத்தால் உயிரிழப்பு என்று தண்டனை உறுதியானது. அப்போது அந்தப் பிரிவில் அதிகபட்சம் 2 ஆண்டு. இப்போது புதுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவில் 5 ஆண்டு. சாவு வரும் என்று தெரிந்தே செய்தான் என்று அதே சட்டத்தின் 105-ஆம் பிரிவுக்குப் போனால் 10 ஆண்டு வரை.

என்னிடமே ஒருவர் வந்திருக்கிறார். பன்றிக்காகக் கம்பி கட்டினார். ராத்திரி மூணு பேஸ் கரண்ட் வந்ததும் தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்துத் தோட்டத்துக்காரர் அதை மிதித்துவிட்டார். இரண்டு பேரும் ஒரே வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்தவர்கள். என் எதிரே உட்கார்ந்து அவர் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, 'அவன் பொண்டாட்டி முகத்துல எப்படி முழிப்பேன்' என்றுதான் அழுதார். நீ அப்படி உட்காரக் கூடாது முருகேசா.

இன்னொன்று. திருடன் கையில் சிக்கினால் மரத்தில் கட்டிவைத்து ஊரே அடிக்கிற பழக்கம் உங்கள் பக்கம் இருக்கிறது. பிடித்துக் கட்டியாகிவிட்டால் ஆபத்து முடிந்தது, உரிமையும் முடிந்தது. அதற்குப் பிறகு விழுகிற ஒவ்வொரு அடியும் குற்றம்தான். உன் மகனிடமும் சொல்லி வை.

மூன்று திருட்டுக்கும் தனித்தனியாகப் புகார் எழுதுவோம். எப்.ஐ.ஆர். போடவில்லை என்றால் எஸ்.பி.க்கு நானே மனு எழுதுகிறேன். ஒயரை இரும்புக் குழாய்க்குள் விட்டு மண்ணில் புதைத்துவிடு, கிணற்றடியில் ஒரு விளக்குப் போடு. செலவுக்கு இடித்தால் என்னிடம் கேள், தயங்காதே.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அதற்குள் அந்தக் கம்பியை அவிழ்த்துச் சுருட்டி வை. தங்கச்சியிடம் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு ஆள் கூடுதல் என்று சொல்.

உன்,
சுந்தரம்