கூத்து உடையும் பாடமாகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் காஞ்சிபுரத்தில் தறி நெய்பவன். என் மகள் ஆடை வடிவமைப்புப் பட்டப்படிப்பில் முதலாண்டு படிக்கிறாள். நிஃப்ட் (தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம்) போன்ற நிறுவனங்களில் நான்கு ஆண்டுப் படிப்பின் முதல் ஆண்டு அடிப்படைப் பயிற்சிக்கானது. அது மிக நல்ல ஏற்பாடு. கையும் கண்ணும் பழகாமல் கணினியில் வரைந்து என்ன பயன்?

அந்த ஆண்டிலேயே மாணவர்களைத் தறிக்கு முன் உட்கார வைக்க வேண்டும். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா (குறுக்கு நூலைக் கொண்டு செல்லும் கட்டை) ஓடும். கரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். உடலும் கரையும் இரண்டு நிறத்தில் பிசிறில்லாமல் பிணைவதை நேரில் பார்த்தால்தான் புரியும்.

அரங்க உடைக்கும் இதுவே பொருந்தும். செய்யாறு பக்கம் புரிசைக்கு வந்து தெருக்கூத்தின் ஒப்பனைக் கொட்டகையில் ஓர் இரவு இருக்கட்டும். துரியோதனன் விடிய விடிய கிறுகிறுவென்று சுற்றி ஆட வேண்டும். அதனால்தான் கிரீடத்தையும் தோளில் அணியும் புஜக்கட்டையையும் எடை குறைந்த மரத்தில் செதுக்கி, விளக்கொளியில் மின்னக் கண்ணாடிச் சில்லு பதிக்கிறார்கள். உடம்பு, வெளிச்சம், தூரம் மூன்றையும் கணக்கிட்ட வடிவமைப்பு இது!

இந்தக் கலைஞர்களை உரிய சம்பளத்துடன் வருகைதரு ஆசிரியர்களாகக் கல்லூரிகள் அழைக்க வேண்டும். பட்டம் கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு நெசவாளர்,
காஞ்சிபுரம்.