பழைய காரின் ஏசியைப் பிரிப்பதற்கு முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. உன் பழைய காரின் ஏசி சரியாக வேலை செய்யவில்லை என்று போனில் நீ அவசரமாகச் சொல்லி வைத்துவிட்டாய். நீ நிதானமாகப் படித்துப் பார்த்துச் செய்ய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். கண்ட்ரோல் யூனிட்டை இப்போதைக்கு வாங்காதே. சூடு, குளிர் சரியாக வரவில்லை என்றதும் எல்லோருக்கும் பட்டன் இருக்கும் பெட்டி மேல்தான் சந்தேகம் போகும். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

1964 மாடல் காடிலாக்கில் 'கம்ஃபர்ட் கண்ட்ரோல்' வந்தபோது கார்களில் கம்ப்யூட்டர் கிடையாது. எத்தனை டிகிரி வேண்டும் என்று வைத்துவிட்டால், ஹீட்டரா ஏசியா என்பதை வண்டியே முடிவு செய்யும். சூடு ஏற ஏற மின்தடை குறையும் சென்சார்கள், அதைப் படிக்கும் ஒரு ஆம்ப்ளிஃபயர், காற்று போகும் வழிகளில் இருக்கும் மூடிகளைத் திறந்து மூட இன்ஜினின் வேக்கம் (அது காற்றை உறிஞ்சும் இழுப்பு), அவ்வளவுதான். உன் வண்டியும் அந்த வம்சம்தான். எனக்கு இதில் இன்றைக்கும் வியப்பு தீரவில்லை.

மேடு ஏறும்போது காற்று முகத்துக்கு வராமல் கண்ணாடிப் பக்கம் போய்விடுகிறது என்றாயே, எனக்கு அதுதான் பெரிய துப்பு. ஆக்சிலேட்டரை அழுத்தினால் பெட்ரோல் இன்ஜினில் வேக்கம் விழும். அந்த நேரத்துக்குச் சேமித்து வைக்கத்தான் ஒரு சின்ன டேங்கும், ஒருவழி வால்வும் இருக்கின்றன. வேக்கம் போனால் காற்று கண்ணாடிக்குத் திரும்பட்டும் என்று வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள், பனி படிந்து பாதை மறையக் கூடாதே என்று. அதனால் முதலில் அந்த வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பார். ஒரு பக்கம்தான் காற்று போக வேண்டும்.

அது நன்றாக இருந்தால் கையால் இயக்கும் வேக்கம் பம்ப்பை எடுத்துக்கொள். மூடிகளை அசைக்கும் ரப்பர் சவ்வுதான் டயாஃப்ரம்; டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு டயாஃப்ரமிலும் தனித்தனியாக மாட்டி, பம்ப்பின் மீட்டரில் 15 இன்ச் (பாதரச அளவு) வரை இழுத்துவிட்டு, முள்ளையே பார்த்துக்கொண்டிரு. முள் இறங்கினால் உள்ளே ரப்பர் கிழிந்திருக்கிறது. டியூப்களைச் சேர்க்கும் ரப்பர் முனைகளை விரலால் லேசாக வளைத்துப் பார்; இறுகிப்போனவை வாய் விட்டுக் காட்டும். கழற்றுவதற்கு முன் எந்த நிற டியூப் எங்கே போகிறது என்று தெரியும்படி போட்டோ எடுத்துவிடு. இதை மட்டும் மறக்கவே கூடாது.

குளிர் போதவில்லை என்றால் உடனே ஏசிக்குள் குளிர்விக்கும் கேஸ் மேல் பழி போடாதே. பல வண்டிகளில் ஹீட்டர் வால்வ் மின்சாரம் இல்லாவிட்டால் திறந்தே இருக்கும். பியூஸ் போனாலும், உள்ளே ரப்பர் கிழிந்தாலும் வெந்நீர் ஓடிக்கொண்டே இருக்கும், ஏசி குளிர்விப்பதை ஹீட்டர் சுட வைக்கும். முழுக் குளிரில் வைத்து, வால்வுக்கு அடுத்து ஹீட்டருக்குப் போகும் ஹோஸைத் தொட்டுப் பார். பதமாகத் தொடு, கை சுட்டுவிடும்; அது சூடாக இருந்தால் வால்வ் மூடவில்லை என்று அர்த்தம்.

உள்ளே வெப்பம் பார்க்கும் சென்சாருக்கு ஒரு சின்ன கிரில் இருக்கும். ப்ளோயர் ஓடும்போது அதில் மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டை வைத்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும். விழுந்தால், கேபின் காற்றை இழுக்கும் டியூப் பின்னால் கழன்றிருக்கும். சென்சார் டாஷ்போர்டின் சூட்டையே கேபின் சூடு என்று நினைத்துக்கொள்ளும்.

ஹீட்டர் போட்டதும் ஃபேன் சுற்றவில்லை என்று பதறாதே. இன்ஜினில் ஓடும் நீர், அதாவது கூலண்ட், சூடாகும்வரை அது காத்திருக்கும்.

கேஸ் விஷயத்தில் மட்டும் நீயாக எதையும் திறக்க வேண்டாம். பழைய கார் ஏசிகளில் இருந்த ஆர்-12 என்ற கேஸ் ஓசோனைக் கெடுக்கும் என்பதால் 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு படிப்படியாக நிறுத்தினார்கள். காற்றில் விடவே கூடாது. அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ கேஸுக்கு மாற்றினால் பழைய மினரல் ஆயில் அதோடு சேராது. ஆயிலையும், ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றித்தான் ஆக வேண்டும். கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொடு.

இத்தனையும் பார்த்து எல்லாம் சரியாக இருந்தால்தான் கண்ட்ரோல் யூனிட். அப்போதும் புதிது வாங்காமல், பழையதைப் பிரித்து உள்ளே பற்றவைத்த இடங்களில் சால்டர் விரிசல் விட்டிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார். முதலில் அந்த ஒருவழி வால்வ் என்ன சொல்கிறது என்று எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா